ஸ்டேட் அண்ணையும் ஐம்பதாவது இடமும்

அமெரிக்காவை ஆண்டவர்களுக்குக்கூட அந்த நாட்டைப் பற்றி ஸ்டேட் அண்ணைக்குத் தெரிந்த அளவு தெரிந்திருக்காது. இதை நான் எந்தக் கூண்டில் ஏறி வேண்டுமானாலும் சொல்வேன். ஐம்பது மாநிலங்களையும், வாழத் தகுந்தது முதல் தகாதது வரை, ஒன்றிலிருந்து ஐம்பதாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். இத்தனைக்கும் அவர் அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை. தென்கிழக்கு லண்டனில், லூயிஷாம் சந்தைக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சின்னத் தபால் நிலையத்தில், இரண்டாம் கவுண்டரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்சல் நிறுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆன சமயம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து லூயிஷாமில் ஒரு அறை எடுத்துத் தங்கி, நகரத்துக்குள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரயிலில் போய்வந்து கொண்டிருந்தேன். அக்கா ஒஹையோவில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் நாலு கம்பளிச் சட்டையைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி.

“எந்த ஸ்டேட்?” என்றார், தலை நிமிராமல்.

“யு.எஸ்.”

“அது நாடு. ஸ்டேட்டைச் சொல்லும்.”

“ஒஹையோ.”

பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு, எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “முப்பத்தொண்டு.”

“பவுண்டா சார்?”

“இல்லைத் தம்பி, இடம். முப்பத்தோராவது இடம். பயப்பிடாதையும், அதுக்குக் கீழ இன்னும் பத்தொன்பது இருக்கு. ஆர் அங்க?”

“அக்கா.”

“கார் ஓடுவாவோ?”

“ஓட்டுவா.”

“அப்ப சமாளிப்பா.”

எனக்குக் கோபம்தான் வந்தது. என் அக்கா வாழப்போன ஊருக்கு மார்க் போட இவர் யார்? வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள், “முப்பத்தொண்ணுதானா? நான் நாப்பதுன்னுல்ல நெனச்சேன்” என்றாள். அடுத்த சனிக்கிழமை வாங்க வேண்டிய தபால்தலை எதுவும் இல்லாமலே நான் மறுபடி அந்த வரிசையில் போய் நின்றேன்.

அவருடைய சொந்தப் பெயர் சட்டைப்பையில் குத்திய அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் ஊரில் சண்டை மூண்டபோது ஒரு ஏஜென்ட் அவரை அமெரிக்காவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். “எந்த ஸ்டேட் வேணும் எண்டு யோசிச்சு வையுங்கோ” என்றும் சொல்லியிருக்கிறான். அவரும் ஊர் வாசிகசாலையில் உட்கார்ந்து இரண்டு மாதம் யோசித்தார். பிறகு ஏஜென்ட் அவரை ஒரு விமானத்தில் ஏற்றினான். இறங்கியபோது அது லண்டன். ஏஜென்டைக் காணவில்லை. படித்த படிப்பு மட்டும் மிஞ்சியது, அதை வீணாக்க மனமில்லை என்பார்.

அப்படித் தொடங்கியதுதான் அவருடைய கொப்பி, அதாவது நம்மூர் நோட்டுப் புத்தகம். தடித்த நீல அட்டை போட்டது, பகலில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும், மாலையில் அவரோடு வீட்டுக்குப் போகும். அமெரிக்காவுக்கு வடையும் சேலையும் அனுப்பும் தமிழர்கள் அத்தனை பேரையும் அவர் குடைந்து கேட்டு அதில் எழுதிக்கொள்வார். பார்சல் எத்தனை நாளில் போனது, முறுக்கு உடைந்ததா, மகன் போனில் என்ன சொன்னான், பின்னால் அழுகை கேட்டதா? எல்லாத் தகவலும் வந்து கடைசியில் மூன்று கேள்விகளில் முடியும். முருங்கை மரம் வெளியில் நிற்குமா? கார் ஓடத் தெரியாத அம்மா கடைக்கு நடந்து போக ஏலுமா? கோயிலுக்குப் போக எத்தனை மணித்தியாலம்?

இந்த மூன்றையும் வைத்து அவர் அந்தப் பெரிய தேசத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். எல்லோரும் வாயைப் பிளக்கும் கலிபோர்னியாவுக்கு ஒன்பதாம் இடம். முருங்கை நிற்கும், நிலம் நிற்காது என்பார். நியூஜெர்சிக்குப் பதினேழு. “கோயில் இருக்கு, நடக்கலாம். ஆனா எங்க திரும்பினாலும் எங்கட ஆக்கள் நிண்டு சம்பளம் எவ்வளவு எண்டு கேப்பினம்.” புளோரிடாவில் முருங்கை காடாக வளரும், அதன் கீழே முதலை படுத்திருக்கும், ஆகையால் இருபத்தாறு. ஹவாயில் பலா, மா, முருங்கை எல்லாம் உண்டே என்று நான் ஒருநாள் வாதாடினேன். “தம்பி, அது ஸ்டேட் இல்லை. அது அமெரிக்காவின்ர நெடுந்தீவு. வள்ளம் வராட்டி அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார். முதலிடம் வட கரோலினாவுக்கு. அங்கே முருங்கையைத் தொட்டியில் வைத்துப் பனிக்கு மட்டும் உள்ளே எடுத்தால் தப்பிக்குமாம். ஐம்பதாவது இடம் வட டகோட்டா. முருங்கை இல்லை, நடக்க ஏலாது, கோயில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. “நானும் வடக்கான்தான்” என்பார் அண்ணை. “அதுக்காக வடக்கு எண்ட பேருக்கு மார்க் போட ஏலுமோ?”

ஒருமுறை ஒரு அம்மாள் அலாஸ்காவுக்குப் பார்சல் கொண்டுவந்தார். அண்ணை எழுந்து, கதவைத் திறந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவர் அப்படி வந்து யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவாகக் கேட்டார்: “மகன் என்ன பிழை செய்தவர்?”

இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வட்டாரத்துத் தமிழர்கள் அவரை நம்பினார்கள். அதற்குக் காரணம் ஒரு அம்மா. மொன்டானாவுக்கு மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர், ஆறு மாதம் கழித்து விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேரே கவுண்டருக்கு வந்தார். “அண்ணை, நீங்கள் நாப்பத்தெட்டு எண்டு சொன்னனீங்கள். நான் இருந்து பாத்திட்டன். நாப்பத்தொன்பது” என்றார். அண்ணை பேனாவைத் திறந்து, “பொங்கலுக்குப் பாப்பம்” என்று குறித்துக்கொண்டார். பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலன்று மட்டும்தான் திருத்துவார். இடையில் ஒரு மாநிலமே கடலுக்குள் போனாலும் பொங்கல்வரை அதன் இடம் அதற்கு உண்டு.

விளைவு, கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் சாதகம் பார்த்த கையோடு அண்ணையையும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் லூயிஷாம் சிவன் கோயிலில் பூசை முடிந்ததும், செருப்பு அடுக்கும் இடத்தருகே அவர் நிற்பார். பெண்ணைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். சாதகம் பொருந்தி ஸ்டேட் பொருந்தாத சம்பந்தங்கள் அங்கேயே தடுமாறுவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

அப்படித் தடுமாறியவர்களில் ஒருவர் வால்தம்ஸ்டோவில் நகைக்கடை வைத்திருந்தவர். மாப்பிள்ளை நெப்ராஸ்காவில். அதாவது நாற்பத்தாறு. மனிதர் ஒரு பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்து, “அண்ணை, ஒரு பத்து இடம் மேல ஏத்தி விடுங்கோ. மனுசி அழுறா” என்றார்.

“நான் பிறந்த தெருவை ஏத்தச் சொன்னாலும் ஏத்தமாட்டன்” என்றார் அண்ணை. இனிப்புப் பெட்டியைத் திறக்கவும் இல்லை. அந்தக் கல்யாணம் எட்டு மாதம் தள்ளிப்போய், ஏகப்பட்ட கண்ணீருக்குப் பிறகு நடந்தது. நகைக்கடைக்காரர் அதை மறக்கவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன்: “அண்ணே, லண்டன் எத்தனாவது எடம்?”

“லண்டன் லிஸ்டில இல்லை” என்றார். “அது நான் இறக்கிவிடப்பட்ட இடம். அதுக்கு எப்பிடி மார்க் போடுறது?”

இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமை. வரிசை வாசல்வரை நின்றது. எனக்கு முன்னால் நின்றவள் அண்ணையின் ஒரே மகள் துஷி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், ஐந்து வயதில் தாயோடு வந்து லண்டனிலேயே வளர்ந்தவள். கையில் டேப் சுற்றிய பெட்டி. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் முறை வந்தது. அண்ணை நிமிரவில்லை.

“எந்த ஸ்டேட்?”

“நோர்த் டகோட்டா.”

“ஐம்பது” என்றார் பழக்கத்தில். பிறகுதான் குரலை அடையாளம் கண்டு நிமிர்ந்தார். “ஆருக்குப் பிள்ளை?”

“ஃபோர்மில எழுதியிருக்கு, அப்பா.”

அவர் படிவத்தைப் படித்தார். அவள் தோளுக்கு மேலாக நானும் படித்தேன், பொய் சொல்வானேன். டொக்டர் என்று தொடங்கி ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது.

“இவர் ஆர்?”

“அப்பா, ப்ளீஸ். கியூ நிக்குது.”

“கியூ நிக்கட்டும். உள்ளுக்கு என்ன?”

“பருத்தித்துறை வடை. பயத்தம் பணியாரம்.”

“கிஃப்டோ, வியாபாரமோ?”

“கிஃப்ட்.”

“பெறுமதி?”

“தெரியாது. அம்மா சுட்டவ.”

அண்ணையின் கையில் இருந்த முத்திரை அப்படியே நின்றது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி, அவருக்கு மட்டும் வரிசையில் நின்று வந்து சேர்ந்திருக்கிறது.

“ஏன் பிள்ளை வீட்டில சொல்லேல்லை?”

“ஆறு மாசமாச் சொல்லப் பாத்தனான், அப்பா. ஸ்டேட்டின்ர பேர் வந்தவுடன நீங்கள் கொப்பியை எடுத்திடுவியள். கவுண்டர் எண்டால் கஸ்டமர் சொல்லி முடிக்கும்வரை கேப்பியள்தானே. அவர் என்னோட யூனிவர்சிட்டியில படிச்சவர். விசாவுக்காக மூண்டு வருசம் அங்க வேலை செய்யவேணும், அதுதான் கொன்ட்ராக்ட். நான் அவரைத்தான் கட்டப்போறன். நீங்கள் முழு மனசோட வந்து நிக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.”

வரிசையில் இருந்த பதினோரு பேரும் கண்ணாடிப் பக்கம் ஒரு அடி நெருங்கினார்கள். அண்ணை மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு படிவத்தைக் கிழித்து, ஒட்டி, முத்திரை குத்தினார். “ட்ராக்கிங் வேணுமோ?”

“வேணும்.”

“ஓம். அந்த ஸ்டேட்டுக்குப் போடுறதுதான் நல்லது.”

அவள் போனதும் ‘கவுண்டர் மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார். அவர் வேலை செய்த காலத்தில் அந்தப் பலகை வெளியே வந்தது அந்த ஒருமுறைதான் என்று முதலாம் கவுண்டர்க்காரர் பிறகு சொன்னார்.

அதன்பிறகு அண்ணை வாயை மூடிக்கொண்டார். எந்த ஸ்டேட் என்று கேட்பதோடு சரி. எண் வருவதில்லை. அலாஸ்கா அம்மாள் அடுத்த பார்சலோடு வந்தபோது அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அவருக்கு ஏதும் சுகமில்லையோ? எனக்குப் பயமாக் கிடக்கு” என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் திட்டாத ஒஹையோ எனக்கு ருசிக்கவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, செருப்பு அடுக்கும் இடத்தில் நகைக்கடைக்காரர் வந்து நின்றார். நாலு பேர் கேட்கும்படி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “அண்ணை, ஐம்பதை ஒரு பத்து இடம் மேல ஏத்துங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன். என்ர பிள்ளைக்குச் செய்யாததை உங்கட பிள்ளைக்குச் செய்யுங்கோ.”

அண்ணைக்கு முகம் கறுத்தது. “பொங்கலுக்குச் சொல்லுறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் கவுண்டரில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஏத்தினா நான் பொய்யன், தம்பி. இத்தனை வருசமா எத்தினை பேரின்ர பிள்ளையளுக்குச் சொல்லியிருக்கிறன். ஏத்தாட்டி, அப்பா மனம் ஒப்பாமல்தான் வந்து நிக்கிறார் எண்டு பிள்ளை நினைப்பாள். அதுவும் ஏலாது.” வெறும் தராசைத் துணியால் துடைத்தார். “நான் போய்ப் பாக்கப்போறன். ஜனவரியில.”

“ஜனவரில அங்க யாராவது போவாங்களா அண்ணே? ஜூன்ல போங்க.”

“ஜூனில போனா எல்லா ஸ்டேட்டும் சொர்க்கந்தான். பொங்கலுக்கு முன்னம் பாக்கவேணும். குளிர் உச்சத்தில நிக்கேக்க பாக்கவேணும்.”

அந்த நேர்மையைப் பார்த்தீர்களா? நானாக இருந்தால் ஐம்பதைப் பேசாமல் முப்பதாக்கிவிட்டு, பட்டியலில் அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். லூயிஷாம் சந்தையில் அவருக்குக் கோட்டு வாங்க நானும் போனேன். ஒன்று போதாது என்று இரண்டு வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். கையைக் கீழே இறக்க முடியவில்லை. சரியாக இருக்கிறது என்றார். பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, தொழில் பழக்கத்தில் பெட்டியின்மேல் ஒட்டியும் வைத்தார். இருபது வருடத்துக்கு முன் ஏஜென்ட் ஏற்றிவிடுவதாகச் சொன்ன விமானத்தில், புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள், தன் காசில் ஏறினார்.

பொங்கலன்று மாலை கோயிலில் நிற்க இடமில்லை. பொங்கலுக்காக வந்தவர்கள் பாதி, பட்டியலுக்காக வந்தவர்கள் பாதி. நகைக்கடைக்காரர் மனைவியோடு முன்னாலேயே இடம் பிடித்திருந்தார். துஷி தாயின் பக்கத்தில், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்பா விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் வானிலையைத் தவிர எதுவும் பேசவில்லையாம். அண்ணை வந்தார். மூக்கு நுனி தோல் உரிந்திருந்தது. கொப்பியைத் திறந்தார்.

“இறங்கின இடத்தில பாஸ்போட் பாக்கிற வெள்ளைக்காரன் எங்க போறாய் எண்டு கேட்டான். நோர்த் டகோட்டா எண்டன். ‘இப்பவோ?’ எண்டு கேட்டான். அவனிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கு எண்டு எனக்கு விளங்கிச்சுது.” யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கண்மயிர் உறையுது. வெளியில தும்ம ஏலாது. கோயில் ஆறு மணித்தியாலம். முருங்கையைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். நான் லண்டனில இருந்து எழுதினது சரி. நோர்த் டகோட்டா, ஐம்பது.”

துஷி தலையைக் குனிந்துகொண்டாள். நகைக்கடைக்காரர்கூட இதை எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தவர் மாதிரி அவர் முகம் இல்லை.

அண்ணை கொப்பியை மூடினார். “ஆனால் நான் போய் இறங்கினபோது பெடியன் பனி வெட்டிக்கொண்டு நிண்டவன். வீட்டு வாசலில இருந்து கடை வாசல் வரைக்கும் பாதை. ஏன் தம்பி கடைக்குப் பக்கத்தில வீடெடுத்தனீர் எண்டு கேட்டன். ‘மாமி வந்தா கார் ஓடமாட்டாதானே’ எண்டான்.” அண்ணையின் மனைவி லூயிஷாமில் ஏழு முறை டிரைவிங் டெஸ்டுக்குப் போய் ஏழு முறையும் பெயிலானவர். அந்த இரண்டாவது கேள்வி யாருக்காக அத்தனை வருடம் பட்டியலில் இருந்தது என்று அன்றுதான் எங்கள் மண்டையில் ஏறியது. “ஹோலுக்க ஒரு தொட்டி. மேல லைட் எரியுது. உள்ள அரை அடி முருங்கை. டெக்சாஸில இருந்து ஆரோ விதை அனுப்பினவையாம். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, ஆறு மணித்தியாலம் கார் ஓடி என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். வழியில ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளேல்லை. மூண்டு கேள்விக்கும் பெடியன் பதில் வைச்சிருக்கிறான்.”

மகள் பக்கம் திரும்பினார். “ஸ்டேட் பெயில், பிள்ளை. பெடியன் பாஸ். நான் முழு மனசோட வந்து நிக்கிறன்.”

துஷி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் எல்லோர் முன்னாலும் அப்படிச் செய்வது வழக்கமில்லை. யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அண்ணை செய்ததைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். நேரே நகைக்கடைக்காரரிடம் போனார். “நான் உங்கட மாப்பிள்ளையைப் பாக்கேல்லை. நெப்ராஸ்காவைத்தான் பாத்தனான். எட்டு மாசம் உங்கட பிள்ளையை அழவைச்சிட்டன். மன்னிக்கவேணும்” என்றார். அந்தப் பெரிய மனிதர் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார். “அவன் நல்ல பெடியன்தான், அண்ணை. ஆனா நாப்பத்தாறு சரிதான். நானும் போய்ப் பாத்தனான்” என்றார். இரண்டு பேரும் ஒரே வாழையிலையில் பொங்கல் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

அந்தக் கோடையில் துஷியின் கல்யாணம் நடந்தது. பட்டியல் தொடர்ந்தது, பொங்கலுக்குப் பொங்கல் திருத்தமும் நடந்தது. ஐம்பது ஐம்பதாகவே இருந்தது. ஆனால் கவுண்டரில் அவர் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முதலில் “ஆருக்கு?” என்பார். பையன் பனி வெட்டுவானா, அம்மாவோடு பேசுவானா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டேட்டுக்கு வருவார். மாதம் ஒருமுறை, தன் விடுமுறை நாளில், கையில் ஒரு பெட்டியோடு மற்றவர்களைப் போலவே வரிசையில் நிற்பார். உள்ளே இருந்தவர் பெறுமதி கேட்டால், “தெரியாது, மனுசி சுட்டவ” என்பார்.

பிறகு நான் மூன்று நாடுகளில் வீடு எடுத்து இருந்துவிட்டேன். லண்டனுக்கு அவர் கடைசிவரை மார்க் போடவில்லை, அதனால் நான் போட்டு வைத்திருக்கிறேன். லூயிஷாமில் முருங்கை நிற்காது. ஆனாலும் என் பட்டியலில் அதுதான் ஒன்றாம் இடம். நான் போனால் நிமிர்ந்து பார்த்து, “அக்கா எப்பிடியிருக்கிறா, தம்பி?” என்று கேட்க ஒரு ஆள் அந்த ஊரில்தான் இருந்தார்.